மெசினுக்குப் போனவர் எப்படிப் பிழைக்கிறார்?

"மெசினுக்குப் போனவன் திரும்ப மாட்டான்" என்று லயங்களில் ஒரு பேச்சு இருக்கிறது. கிட்னி பழுதாகி, டயாலிசிஸ் செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகும், இந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து வீட்டில் இருப்பவர்கள் உண்டு. உடம்பு வீங்கி, மூச்சு முட்டின பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். டயாலிசிஸ் ஆரம்பித்து முதல் மூன்று மாதமே அபாயம் கூடிய காலம். கடைசி நேரத்தில் போகிறவருக்கு அது இன்னும் கூடும். பழி மட்டும் மெசின் மேலே!

நேரத்தோடு போனால் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்து "பிஸ்டுலா" செய்யலாம். அது பழுத்து ஊசி போடத் தயாராக ஒன்றரை, இரண்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பிந்திப் போனவருக்குக் கழுத்தில் குழாய்தான். குழாய் வழியாகக் கிருமி இரத்தத்தில் இறங்குவது சுலபம். டயாலிசிஸ் செய்பவர்களின் உயிரைப் பறிப்பதில் இருதய நோய் முதலாவது, கிருமி தொற்றுவது அடுத்தது.

பிஸ்டுலா உள்ள கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடக்கூடாது. தண்ணி வாளி, விறகுக்கட்டு தூக்கக்கூடாது. காலையில் தொட்டுப் பாருங்கள்; தையல் மெசின் ஓடுகிற மாதிரி ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இருதயம் ஏன் பழுதாகிறது? நல்ல கிட்னி வாரத்தில் 168 மணித்தியாலமும் வேலை செய்கிறது. மெசினோ வாரம் மூன்று தடவை, நான்கு மணித்தியாலப்படி 12 மணித்தியாலந்தான். மற்ற நேரமெல்லாம் குடித்த தண்ணீரும் தின்ற உப்பும் உடம்பிலேயே நிற்கும். அந்தப் பாரத்தை இருதயம் சுமக்கிறது. 50 கிலோ உள்ளவர் இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் 2 கிலோவுக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். குளிருக்கு ஐந்தாறு கோப்பை சாயத்தண்ணி குடித்துப் பழகிய நமக்கு இது கஷ்டந்தான். ஆனால் தண்ணியைக் குறை என்று நோயாளியை ஏசிப் பிரயோசனமில்லை. கருவாடு, ஊறுகாய், உப்புப் போட்ட ரொட்டி இவற்றைக் குறைத்தால் தாகம் தானே குறையும். சமைக்கிறவர்தான் இதில் முக்கிய ஆள்.

பஸ் இல்லை, பேர் போய்விடும் என்று ஒரு தடவையை விட்டுவிடுவது எல்லாவற்றிலும் கெட்டது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 32,000 பேருக்கு மேல் கவனித்தார்கள். வாரத்தில் வரும் இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் சாவு கூடுதலாக இருந்தது. ஒழுங்காகப் போகிறவருக்கே இப்படியென்றால், தவறவிட்டவர் நிலைமையை யோசியுங்கள்.

அந்த நாட்களில் பொட்டாசியமும் ஏறும். அது மிதமிஞ்சினால் இருதயம் திடீரென்று நின்றுவிடலாம். ஆகையால் இளநீர், வாழைப்பழம் வேண்டாம். உருளைக்கிழங்கை வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். காமரங்காய் கிட்னி நோயாளிக்கு நஞ்சு, வாயிலேயே வைக்கக்கூடாது.

பத்தியம் என்று பட்டினி போடவும் வேண்டாம். டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். ஆரம்பித்த பிறகு அது மாறும். மெசினில் புரதச் சத்தும் கொஞ்சம் போகிறது. மெலிந்து போகிறவர் சீக்கிரம் விழுவார். முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி எவ்வளவு கொடுக்கலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள்.

டயாலிசிஸ் நாட்கள் தெரிந்தவுடன் கிளினிக் கார்டைக் கொண்டுபோய்த் தோட்ட ஆபீசில் காட்டுங்கள். அந்த நாட்களை முன்கூட்டியே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.