ஜெய் பீம் வக்கீலின் மற்ற கேஸ்கள்

'ஜெய் பீம்' பார்க்காதவங்க நம்ம கேம்பஸ்ல ரொம்ப கம்மி. சூர்யா நடிச்ச சந்துரு நிஜ மனிதர்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கதை நடந்த இடமும் கள்ளக்குறிச்சிக்குத் தூரமில்லை: விருத்தாசலம் பக்கம் முதனை கிராமம், கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷன், 1993. (படத்துல இருளர், நிஜத்துல ராஜாகண்ணு குறவர் சமூகம்.) ஆனா அந்த ஒரு கேஸை மட்டும் வச்சுப் பார்த்தா கே. சந்துருவைப் பாதிதான் தெரியும். வக்கீலாக அவருக்குச் சோறு போட்டது தொழிலாளர் வழக்குகள். யாரை வேலைக்கு எடுத்தாங்க, யாரை எடுக்கல, எதுக்காகத் தூக்கினாங்க என்ற கேள்விகள். பிளேஸ்மென்ட் சீசன்ல இருக்கிற நமக்கு இந்தப் பக்கம்தான் அதிகம் தேவை.

1951-ல் ஸ்ரீரங்கத்துல பிறந்தவர். மாணவர் போராட்டத்துக்காக லயோலாவிலிருந்து அனுப்பப்பட்டு, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில படிப்பை முடிச்சார். சட்டம் படிச்சு 1976-ல் வக்கீலாகப் பதிவு செஞ்சார். அதே 1976-ஐ கல்வராயன் மலைக்காரங்களும் மறக்க மாட்டாங்க. நாடே சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷம் கழிச்சு, அந்த ஜூன்லதான் அங்க ஜாகீர்தார் ஆட்சி முடிஞ்சது. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை ஏறுற ரோட்ல, ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ஜாகீர்தார் நிலத்துல கூலியில்லாம உழைச்ச கதை வரும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் ரெண்டும் அதே 1976.

சட்டம் வந்துட்டா போதுமா? அங்கதான் வக்கீல் வேணும். வேலைப் பாகுபாட்டு வழக்கு எப்படி நடக்கும்னு சுருக்கமா பார்ப்போம். அரசு வேலையா இருந்தா, அரசியலமைப்பின் 14, 15, 16-வது பிரிவுகள் கையில இருக்கு. 226-வது பிரிவின்படி ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம். துறை பதில் மனுவில் காரணம் சொல்லியாகணும். இதுல சுவாரஸ்யமான ஒரு விதி: உத்தரவுல எழுதின காரணத்தை வச்சுத்தான் அந்த உத்தரவைக் காப்பாத்தணும். கோர்ட்டுக்கு வந்தப்புறம் புதுசா ஒரு காரணத்தை ஒட்ட வைக்க முடியாது. அதனால நல்ல வக்கீல் முதல்ல கேட்கிறது, "ஆர்டர் காப்பி எங்க?"

2006-ல் நீதிபதியாகி 2013 மார்ச்ல ஓய்வு பெறும்வரை சந்துரு முடிச்ச வழக்குகள் சுமார் 96,000. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 2008-ல் வந்த பின்னியக்காள் வழக்கு. உசிலம்பட்டி பக்கம் நல்லுத்தேவன்பட்டி துர்க்கையம்மன் கோவில்ல அப்பாவுக்கு அப்புறம் மகள் பூசாரி ஆகக்கூடாதுன்னு ஊர்ல எதிர்ப்பு. பெண் பூஜை செய்யக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லைன்னு சொல்லி, அந்த அம்மாவுக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொன்னார்.

இன்னொன்று, சத்துணவு மைய வேலைகள்லயும் சமூகவாரி இடஒதுக்கீடு வேணும்னு சொன்னது. கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில பட்டியல் சமூகப் பெண் சமைக்கக்கூடாதுன்னு எதிர்த்தாங்க. அதிகாரிகள் அவங்களையே இடமாற்றம் செஞ்சாங்க, எதிர்ப்பு கிளம்பினதும் உத்தரவை ரத்து பண்ணினாங்க. ஆர்டர் கையில இருந்தும் அடுப்பங்கரைக்குள்ள போக இவ்வளவு பாடு.

அடுத்தது சந்துருவோட தீர்ப்பு இல்ல, ஆனா நம்ம கிளாஸ் பொண்ணுங்க தெரிஞ்சுக்கணும். ஃபேக்டரிகள்ல ராத்திரி 7 மணிக்கு மேல காலை 6 மணி வரை பெண்கள் வேலை பார்க்கக்கூடாதுன்னு தொழிற்சாலைச் சட்டம் 66-வது பிரிவுல இருந்தது. 2000 டிசம்பர்ல சென்னை ஹைகோர்ட் வசந்தா வழக்குல அதை ரத்து செஞ்சது. போக்குவரத்து, பாதுகாப்பு மாதிரி நிபந்தனைகளும் வச்சது. "பாதுகாப்புக்காக" என்ற பேர்ல வேலையையே பறிச்சா அதுவும் பாகுபாடுதான்.

இப்போ கசப்பான பகுதி. 16-வது பிரிவு அரசு வேலைக்குத்தான். கேம்பஸுக்கு வர்ற பிரைவேட் கம்பெனி உங்க சாதியையோ ஊரையோ மனசுல வச்சு ரிஜெக்ட் பண்ணிட்டு "செட் ஆகல"ன்னு சொன்னா, அதைப் பிடிக்க இந்தியாவுல பொதுவான ஒரு சட்டம் கிடையாது. துண்டு துண்டாத்தான் இருக்கு: சம ஊதியம், பணியிடப் பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம், திருநர்களுக்கு 2019 சட்டம், தீண்டாமைன்னா 17-வது பிரிவும் வன்கொடுமைச் சட்டமும். அமெரிக்காவுல 1964-லேயே தனியார் வேலைக்கும் சேர்த்துச் சட்டம் போட்டாங்க. நம்மகிட்ட அந்த இடம் இன்னும் காலி. லா படிக்கிற ஃபிரண்ட் இருந்தா இதைச் சொல்லி உசுப்பேத்துங்க.

அதுவரை நீங்க செய்யக்கூடியது இது. இன்டர்வியூவுல சொன்னதை அன்னைக்கே தேதியோட எழுதி வையுங்க. ஆஃபர் லெட்டர், மெயில், பே ஸ்லிப் எல்லாத்தையும் பர்சனல் மெயில்லயும் வையுங்க. கம்பெனி அக்கவுன்ட் கடைசி நாளோட மூடிடும். வக்கீல் வைக்கக் காசில்லைன்னு விட்டுடாதீங்க. 1987-ம் வருஷ சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவின்படி பெண்கள், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும், வருமானம் எவ்வளவா இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து வர்ற எஸ்டி சான்றிதழ் உள்ள நண்பர்கள் இதைக் குறிச்சுக்கோங்க. போன் நம்பர் 15100.