றிமோட்டின் மாத்திரைக் கணக்கு

தொலைக்காட்சி றிமோட்டை அமுக்குங்கால் அதன் நுனியிலுள்ள சிறு குமிழிலிருந்து ஒளி புறப்படுகின்றது. அது செந்நிறக்கீழ்க் கதிராதலின் கண்ணுக்குப் புலனாவதில்லை. அவ்வொளியைக் கணினி பொருளுடைய சொல்லாகக் கொள்ளும் முறை தமிழ் கற்போர்க்கும் இன்பந் தருவதாகும். அங்கும் நடப்பது மாத்திரைக் கணக்கே.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தார். றிமோட்டின் அளவு அதனினும் மிக நுண்ணியது. பெரிதும் வழங்கும் என்.ஈ.சி. முறையை நோக்குவோம். முதலில் 9 மில்லிசெக்கன் ஒளி, பின் 4.5 மில்லிசெக்கன் இருள். இது விளி போன்றது. அடுத்து வரும் ஒளித்துடிப்புகள் யாவும் ஒரே நீளத்தன. அவற்றின் பின்வரும் இருளே பொருளை வேறுபடுத்தும்; இருள் குறுகின் 0, மும்மடங்கு நீளின் 1. வெளிச்சவீட்டின் ஒளி மின்னும் கால இடைவெளியைக் கொண்டு கப்பலோட்டிகள் இன்ன துறையென அறிவதும் இந்நெறியே.

கணினியிற் பொருத்திய கதிர்வாங்கி கால நீளங்களை மட்டுமே அறியும், பொருள் அறியாது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இப்பொருள்கோள் வேலையை முன்னர் 'லிர்க்' என்ற புறச்செயலி செய்தது. அதனோடு உரையாட ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியே பழக்க வேண்டியிருந்தது. 2010 ஆம் ஆண்டில் இவ்வேலைக்குரிய பொதுப்பகுதி, 'கேர்னல்' எனப்படும் கருவினுள்ளேயே இடம்பெற்றது. அதன்பின் றிமோட்டின் பொத்தான், விசைப்பலகையின் விசைபோலவே மென்பொருள்களுக்குத் தோன்றலாயிற்று. இதனையே நான் பெரும்பேறாகக் கருதுகின்றேன்.

எனினும் ஒரு சிக்கல் உண்டு. விசைப்பலகை, விசை அமுங்கியதையும் விடுபட்டதையும் அறிவிக்கும். றிமோட்டோ விடுபட்டதை அறிவிப்பதில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பின், என்.ஈ.சி. முறையில் செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்பது முறை 'மீண்டும்' என்னும் குறி மட்டுமே வரும். அளபெடையில் இனக்குறில் நின்று நீண்ட எழுத்து எதுவெனக் காட்டும். ஈண்டு அவ்வடையாளமும் இல்லை. ஆகவே கேர்னல் முந்திய பொத்தானை நினைவில் வைத்தல் வேண்டும். குறி வாராது சிறிது நேரங் கழியின், பொத்தான் விடுபட்டதெனத் தானே துணிதல் வேண்டும். அந்நேரத்தை மிகக் குறுக்கின் ஓர் அழுத்தம் பலவாகிவிடும். மிக நீட்டின், கையெடுத்த பின்னும் ஒலி ஏறிக்கொண்டிருக்கும்.

இனி, எண்ணுக்குப் பெயரிடல். ஒரு றிமோட்டில் 'ஒலி கூட்டு' என்பதற்குரிய எண் மற்றொன்றில் வேறாகும். உலகத்து றிமோட்டுகள் அனைத்தையும் கருவினுள் எழுதிவைத்தல் இயலாது. ஆதலின் எண்ணையும் பெயரையும் இணைக்கும் அட்டவணையைப் புறத்திருந்து ஏற்றவும் வழி வகுத்தனர். மாத்திரைக் கணக்கே புதிதாயின் என் செய்வது? 2018 இல் வெளிவந்த 4.18 ஆம் பதிப்பு முதல், அதனைப் படிக்கும் சிறு நிரலையும் கேர்னலைத் திருத்தாமலே ஏற்றலாம். இலக்கண நூலார் புறனடை வகுத்ததை இஃது ஒக்கும்.

நம் வீடுகளிற் பழைய றிமோட்டுகள் பல வேலையற்றுக் கிடக்கின்றன. கதிர்வாங்கி பொருத்திய லினக்ஸ் கணினியின் முன் அவற்றுள் ஒன்றை அமுக்கினால், அதன் எண் திரையில் தோன்றச் செய்யலாம். அவ்வெண்ணின் எதிரே விசையின் பெயரை எழுதுதல் மேல்வகுப்பு மாணவனுக்கு ஒரு மாலைப்பொழுது வேலை.