வேதபாடம்: குடியின் கட்டும் பன்னிரண்டு படிகளும்

வாசிக்க வேண்டிய பகுதி: நீதிமொழிகள் 23:29-35, லூக்கா 19:1-10, யாக்கோபு 5:13-16



பாடத்துக்குள் போகுமுன் ஒரு காரியத்தை நான் அறிக்கையிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரன் அழுதுகொண்டே முன்னுக்கு வந்தான். தலையில் கைவைத்து ஜெபித்தோம். குடியின் ஆவி ஓடிப்போயிற்று என்று மைக்கில் சொன்னவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமையே அவனைச் சாட்சி சொல்ல நிறுத்தினேன். கையெல்லாம் நடுங்கிற்று. அபிஷேகத்தின் நடுக்கம் என்று நினைத்தோம்! அன்று ராத்திரி வலிப்பு வந்தது. அப்போதும் பிசாசின் போராட்டம் என்று ஜெபித்துக்கொண்டே இருந்தோம். அவன் மாமன்தான், "பாஸ்டர் ஐயா, ஜெபத்தை ஜீப்பில பண்ணுங்க, முதல்ல கீழே கொண்டு போவோம்" என்று வண்டி பிடித்து மலையை விட்டு இறக்கினார்.

தினமும் குடித்தவன் ஒரேயடியாய் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரலாம், உயிரே போகலாம், அதற்கு மருந்து உண்டு என்று டாக்டர் சொன்னார். அவன் பிழைத்தான். ஆனால் ஒரு மாதத்தில் மறுபடியும் குடித்தான். "சாட்சி சொன்னவன் லட்சணத்தைப் பாரு" என்று நம்மில் சிலர் பேசினோம். இரண்டு வருஷம் அவன் சபைப் பக்கம் வரவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்குப் பெரிய பங்குண்டு.

அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு படிகளைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் பில் வில்சன் என்ற வியாபாரியும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும் 1935-ல் ஆக்ரன் பட்டணத்தில் சந்தித்தார்கள். இரண்டு பேரும் குடியில் அழிந்துகொண்டிருந்தவர்கள். டாக்டர் பாப் அந்தச் சந்திப்புக்குப் பிறகும் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் விழுந்துபோனார். கடைசியாய்க் குடித்தது 1935 ஜூன் 10 என்று சொல்லுகிறார்கள். அந்த நாளையே அல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ஐக்கியம் தன் பிறந்த நாளாய் வைத்திருக்கிறது. தேவபிள்ளையே, இதைக் கவனி. ஆரம்பித்தவரே ஒருதரம் விழுந்து எழுந்தவர். அவரை யாரும் வெளியே தள்ளவில்லை.

முதலாம் படி, குடி என்னை மேற்கொண்டுவிட்டது, என்னால் முடியாது என்று ஒத்துக்கொள்வது. நம் ஆண்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். "நான் நினைச்சா நாளைக்கே நிறுத்திடுவேன்" என்பார்கள். இந்தக் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்டை நினையுங்கள். குஷ்டரோகிகளின் விரல் கெட்டுப்போவது சதை தானாய் அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் காயத்தின்மேல் காயம் படுவதால்தான் என்று அவர் வேலூரில் கண்டறிந்தார். குடிக்கிறவனும் அப்படியே. மனைவியின் தாலி அடகுக்குப் போயிருக்கும், பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருக்கும், அவனுக்கு உறைக்காது. உறைக்கிற நாளே முதலாம் படி.

இரண்டும் மூன்றும், என்னிலும் பெரியவர் ஒருவர் என்னைச் சீராக்குவார் என்று நம்பி அவர் கையில் ஒப்புக்கொடுப்பது. "அவரவர் அறிந்த கடவுள் என்று அவங்க சொல்றாங்களே, நாம ஒத்துக்கலாமா?" என்று ஒரு மூப்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. அது சபை அல்ல, அங்கே யாரும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பவுல் அத்தேனே பட்டணத்தில் அறியப்படாத தேவனின் பலிபீடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார் அல்லவா? அந்தப் பெரியவரின் நாமம் நமக்குத் தெரியும். ஆரம்ப நாட்களில் அவர்கள் மலைப்பிரசங்கத்தையும், 1 கொரிந்தியர் 13-ஐயும், யாக்கோபு நிருபத்தையும் முக்கியமாய் வாசித்ததாக டாக்டர் பாப் பின்னாளில் சொன்னார்.

நாலாம் படியில் தன் வாழ்க்கையை ஒளிவுமறைவு இல்லாமல் கணக்கெடுக்க வேண்டும். ஐந்தாம் படியில் அதைத் தேவனிடத்திலும் இன்னொரு மனுஷனிடத்திலும் சொல்ல வேண்டும். யாக்கோபு 5:16 இதையே போதிக்கிறது. ஆனால் நாம் அதை மைக்காக மாற்றிவிட்டோம். வாயடக்கமுள்ள ஒருவனிடத்தில் சொல்லுவது வேறு, சபை நடுவே சொல்லுவது வேறு. பெயர் தெரியாமல் கூடுவது அவர்கள் வழக்கம். நம் ஊரிலே அது நடக்குமா? யார் செம்மேட்டில் எந்த பஸ் ஏறினான் என்பதே அரைமணி நேரத்தில் ஊருக்குத் தெரியும். ஆகையால் கேட்டதை வெளியே சொல்லாத நாவுதான் நமக்கு வேண்டும். ஆறும் ஏழும் குறைகளை நீக்கும்படி தாழ்மையாய் ஜெபிப்பது, அது நமக்குப் பழக்கமானதே.

எட்டும் ஒன்பதும் சகேயுவின் படிகள். யாருக்குத் தீங்கு செய்தேன் என்று பெயர் எழுதி, பிறருக்குக் கேடு வராத விதத்தில் ஈடுகட்ட வேண்டும். சகேயு அழுததாக லூக்கா எழுதவில்லை, திருப்பிக் கொடுப்பேன் என்றதை எழுதியிருக்கிறார். அந்தச் சகோதரன் திரும்பி வந்தபோது ஒரு நோட்டில் பதினொரு பெயர் எழுதினான். காய்க்காத மிளகுக்கு முன்பணம் வாங்கிக் குடித்தது, அண்ணன் காப்பித் தோட்டத்தில் திருடியது, எல்லாம் இருந்தது. முதல் பெயர் அவன் மனைவி. "மன்னிச்சிடு" என்றதற்கு அந்தச் சகோதரி, "வார்த்தை வேண்டாங்க, சாயங்காலம் வீட்டுல இருங்க" என்றாள். இன்னும் நாலு பெயர் பாக்கியிருக்கிறது. கடைசி மூன்று படிகளும் அனுதினம் தன்னைச் சோதிப்பது, ஜெபத்தில் தரிப்பது, விழுந்துகிடக்கிற இன்னொருவனிடம் போவது.

மருந்து அவிசுவாசம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1913 முதல் நம் மலையில் ஊழியம் செய்து 1929-ல் காய்ச்சலில் மரித்த ஜெசி பிராண்ட் ஐயா பிரசங்கமும் பண்ணினார், வைத்தியமும் பார்த்தார். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மாள், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு, 1980-ல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அங்கே மருந்தும் ஆலோசனையும் குடும்பத்தாருக்குப் போதனையும் சேர்ந்தே நடக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிட வேண்டாம். பக்கத்துக் கல்வராயன் மலையிலும் நம் மலையாளி ஜனங்களே இருக்கிறார்கள்.

ஆகவே இனி ஒழுங்கு இது. குடியை விட வருகிறவனை முதலில் டாக்டரிடம் காட்டுவோம், கூட ஒருவர் போவார். ராத்திரியில் மனது தாங்காவிட்டால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழில் பேசலாம். ஒரு வருஷம் நிறைவாகுமுன் சாட்சிக்கு யாரையும் நிறுத்தமாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெபவீட்டின் பின்னறையில் கூடுகிறோம். மைக்கும் இல்லை, காணிக்கையும் இல்லை, வரக்காப்பி உண்டு. போன வாரம் ஐந்து பேர் வந்தார்கள், ஒருவர் குடித்துவிட்டுத்தான் வந்தார். அவருக்கும் நாற்காலி போட்டோம்.