டர்பைன் உறையும் அரை மில்லிமீட்டர் இடைவெளியும்

விமானங்களை இயக்கும் ஜெட் இயந்திரம் அடிப்படையில் ஒரு கேஸ் டர்பைன், அதாவது காற்றை அமுக்கி, அதில் எரிபொருளை எரித்து, விரிவடையும் சூடான வாயுவால் பிளேடுகளைச் சுழற்றும் பொறி. அதன் டர்பைன் பகுதியைச் சூழ்ந்த வெளியுறையின்மேல் துளையிட்ட குழாய்கள் வளையங்களாகச் சுற்றியிருப்பதையும், அவற்றின் வழியே காற்று உறையின்மீது பீய்ச்சப்படுவதையும் காண்போர், உறை வெப்பத்தில் உருகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று எளிதில் முடிவுகட்டிவிடுவர். முடிவு இயல்பானதுதான், ஆனால் தவறானது.

நம்பிக்கை: உறை உருகிவிடாமல் காக்கவே அது குளிர்விக்கப்படுகிறது.

எரியறையில் தீச்சுவாலை வெளியுறையைத் தொடுவதே இல்லை. லைனர் எனப்படும் துளைகளுள்ள உட்சுவருக்குள் சுவாலை அடங்கியிருக்க, அமுக்கியிலிருந்து வரும் காற்றில் பெரும்பகுதி அந்த லைனருக்கும் வெளியுறைக்கும் இடையே ஓடி, பின்னரே துளைகளின் வழியே உள்ளே நுழைகிறது. டர்பைன் பகுதியில், புதிய பெரிய இயந்திரங்களில் வாயுவின் வெப்பநிலை 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டுவதும், அங்கு பயன்படும் நிக்கல் கலப்புலோகங்கள் ஏறத்தாழ 1,300 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்குவதும் உண்மையே. எனினும் அந்த வெப்பத்தை நேரில் எதிர்கொள்பவை பிளேடுகளும், அவற்றின் நுனிகளுக்கு எதிரே உறையின் உட்புறத்தில் தொங்கவிடப்பட்ட ஷ்ரவுட் என்னும் வளையத் துண்டுகளுமே. அவற்றை அமுக்கியிலிருந்து பிரித்தெடுத்த காற்று உள்ளிருந்தே குளிர்விக்கிறது. உறை அந்தக் காப்புக்குப் பின்னால் நிற்கிறது. கார் எஞ்சினுக்கு இருப்பதுபோல் இதற்கும் நீர்ச்சட்டை வேண்டும் என்ற எண்ணமும் இதே பிழையின் கிளைதான்; எரிதலுக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு காற்றை உள்ளிழுக்கும் பொறிக்கு வேறொரு குளிர்விப்பான் தேவைப்படுவதில்லை.

நம்பிக்கையில் ஓரளவு உண்மையும் உண்டு. உறைக்கும் வெளி மூடிக்கும் இடைப்பட்ட வெளியில் எண்ணெய்க் குழாய்கள், மின்கம்பிகள், உணர்விகள் ஆகியன இருப்பதால், அவற்றைக் காக்கவும் எரிபொருள் ஆவி தேங்காமல் வெளியேற்றவும் அவ்வெளியில் காற்றோட்டம் வைக்கப்படுகிறது. ஆனால் அது துளைக்குழாய்களின் வேலையன்று.

அக்குழாய்களின் வேலை உறையின் விட்டத்தைக் கட்டுப்படுத்துவது. சுழலும் பிளேடின் நுனிக்கும் ஷ்ரவுடுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தே தீரவேண்டும். அந்த நுனி இடைவெளியின் வழியே நழுவும் வாயுவோ பிளேடைத் தள்ளாமல், எந்த வேலையும் செய்யாமல் வீணாகிறது. உயரழுத்த டர்பைனில் இந்த இடைவெளியை 0.25 மில்லிமீட்டர் குறைத்தால் எரிபொருள் செலவு ஏறத்தாழ 1 விழுக்காடும், வெளியேறும் வாயுவின் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரியும் குறையும் என்பது நாசா ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்த வெப்பநிலை, அனுமதிக்கப்பட்ட எல்லையை நெருங்கும்போதுதான் பல இயந்திரங்கள் பழுதுபார்ப்புக்காக இறக்கப்படுகின்றன. ஆகவே கால் மில்லிமீட்டரின் விலை எரிபொருளோடு முடிவதில்லை. உறையின் ஆரம் 450 மில்லிமீட்டர் என்றும், அதன் உலோகம் டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் 14 பங்கு விரிவடைவது என்றும் கொண்டால், 100 டிகிரி குளிர்வித்த அளவில் ஆரம் 0.63 மில்லிமீட்டர் சுருங்கும். திருகோ பல்சக்கரமோ இல்லாமல், வெறும் காற்றால் அரை மில்லிமீட்டர் நகர்த்தும் இந்த உத்தி பொறியியலின் மிக நேர்த்தியான சிக்கனங்களில் ஒன்று. உறை சுருங்கும்போது அதில் தொங்கும் ஷ்ரவுடும் உள்நோக்கி நகர்கிறது என்பதால், துண்டுகளைத் தாங்கும் தடித்த விளிம்புகளின்மீதே காற்று குறிவைத்துப் பீய்ச்சப்படுகிறது.

நம்பிக்கை: குளிர்விக்கும் காற்று குளிர்ந்ததாக இருக்க வேண்டும்.

முப்பது மடங்கு அமுக்கப்பட்ட காற்றின் வெப்பநிலை 500 டிகிரிக்கும் மேல் செல்லும். ஆயினும் 1,500 டிகிரி வாயுவின் முன் அது குளிர்காற்றே. போயிங் 737இன் சிஎஃப்எம்56-7பி இயந்திரத்தில் உயரழுத்த டர்பைனின் உறைக்கு, ஒன்பது படிகள் கொண்ட அமுக்கியின் நான்காம் படியிலிருந்தும் ஒன்பதாம் படியிலிருந்தும் எடுத்த காற்று தேவைக்கேற்பக் கலந்து அனுப்பப்படுகிறது. நான்காம் படிக் காற்று உறையைச் சுருக்கும். கடைசிப் படியான ஒன்பதாவதன் சூடான காற்று அதை விரிவடையச் செய்யும். கலவையின் அளவை முடிவு செய்வது இயந்திரத்தின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி. ஏ320 விமானங்களில் பயன்படும் வி2500 போன்ற வேறு சில இயந்திரங்களிலோ முன்விசிறியின் காற்றே இவ்வேலைக்குப் போதுமானதாக இருக்கிறது.

நம்பிக்கை: எவ்வளவு குளிர்விக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இதுவே மிக ஆபத்தான நம்பிக்கை. விமானம் ஓடுதளத்திலிருந்து எழும்பும்போது, மையவிலக்கு விசையால் பிளேடுகளும் அவற்றைத் தாங்கும் வட்டும் நொடிகளில் நீள்கின்றன. மெல்லிய பிளேடுகள் வெப்பத்தாலும் உடனே நீள்கின்றன. உறை அதன்பின் சூடேறி விரிய, கனத்த வட்டு எல்லாவற்றுக்கும் கடைசியாக நிமிடக்கணக்கில் சூடாகி வளர்கிறது. இவை ஒரே வேகத்தில் நிகழாததால், இடைவெளி மிகக் குறுகும் தருணம் ஒன்று வந்தே தீரும். அப்போது உறையைக் குளிர்வித்தால் பிளேடுகளின் நுனி ஷ்ரவுடில் உராய்ந்து தேயும். தேய்ந்த நுனி மீண்டும் வளராது என்பதால், அதனால் பெருகிய இடைவெளி பழுதுபார்க்கப்படும்வரை எரிபொருளைத் தின்னும். எனவே முழுக் குளிர்விப்பு, நெடுநேரம் மாறாத வேகத்தில் பறக்கும் உயரப் பயணத்துக்கே ஒதுக்கப்படுகிறது. குளிர்விப்பு சுற்றிலும் சீராக இருப்பதும் அதே அளவு முக்கியம். ஒரு பக்கத் துளைகள் அடைபட்டால் உறை வட்டம் குலைந்து நீள்வட்டமாகி, ஓரிடத்தில் உராய்வும் மற்றோரிடத்தில் கசிவும் ஏற்படும்.

நம்பிக்கை: உறை ஆறிவிட்டால் இயந்திரமும் ஆறிவிட்டது.

இயந்திரம் நின்றதும் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. மெல்லிய உறை விரைவில் ஆறினாலும், உள்ளிருக்கும் சுழலகத்தின், அதாவது தண்டும் வட்டுகளும் பிளேடுகளும் சேர்ந்த சுழலும் பகுதியின், வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. சூடான காற்று மேலே தேங்குவதால் சுழலகத்தின் மேற்பாதி கீழ்ப்பாதியைவிட அதிகம் விரிந்து, தண்டு மேல்நோக்கிச் சற்றே வளைகிறது. அந்நிலையில் மீண்டும் இயக்கினால் அதிர்வும் நுனி உராய்வும் விளையும். ஏ320 நியோவின் பிராட் அண்ட் விட்னி இயந்திரம் 2016இல் சேவைக்கு வந்தபோது, அதைத் தொடங்க வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது இக்காரணத்தால்தான்: எரிபொருள் செலுத்தாமல் சுழலகத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, மேல் கீழ் வெப்பநிலை ஒன்றையொன்று நெருங்கிய பின்னரே அதில் தீ மூட்டப்பட்டது.