நிக்கோபாரின் ஓவியத் தட்டிகள்

கேள்வி: தொழில்முறை ஓவியர் அல்லாதோர் கற்பனை உருவங்களை வரையும் மரபு அந்தமான் நிக்கோபார் தீவுகளில் உண்டா?

பதில்: உண்டு. நான்கௌரி, கமோர்ட்டா முதலிய நடு நிக்கோபார் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டில் வழங்கிய ‘ஹெந்தா’, அதாவது நோய் தரும் ஆவிகளை விரட்டுவதற்காகக் கமுகு மட்டையிலோ பலகையிலோ வரைந்து குடிலில் வைக்கப்பட்ட ஓவியத் தட்டி, அதற்குச் சிறந்த சான்றாகும். ‘மென்லுவானா’ எனப்படும் மருத்துவப் பூசகரின் வழிகாட்டுதலோடு தொடர்புடைய இத்தட்டிகளில் சூரியனும் சந்திரனும் மனித உருவும் மீனும் கப்பலும் கடற்கன்னியும் வரிசை வரிசையாக இடம்பெற்றன. கண்ணால் கண்ட கப்பலையும் எவரும் காணாத கடற்கன்னியையும் ஒரே தட்டியில் ஒரே உறுதியோடு நிறுத்தியதே இக்கலையின் பெருஞ்சிறப்பு. மரத்தில் செதுக்கிய ‘கரேயாவ்’ உருவங்களும் இதே நோக்கில் எழுந்தவையே. இவற்றை விரிவாகப் பதிவுசெய்தவர் அத்தீவுகளில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் ஹொரேஸ் மேன்.