இரத்தப் பரிசோதனையும் நோயின் கடுமையும்

தொற்றுநோய் பரவுங்கால் மருத்துவமனை எதிர்கொள்ளும் முதற் கேள்வி, ‘நோயுற்றவர் யார்?’ என்பதாகும். இரண்டாவது கேள்வி இதனினும் கடினமானது: ‘அவர்களுள் யாருக்கு நோய் முற்றும்?’ படுக்கைகளும் பிராணவாயுவும் அளவோடு இருக்கையில், இதற்கான விடையைப் பொறுத்தே பல உயிர்கள் காக்கப்படுகின்றன.

இந்தியாவில் கொரோனா தொற்று முதன்முதலாகக் கேரளத்தின் திருச்சூரில், 2020 ஜனவரி 30 அன்று உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில், திருவனந்தபுரம் மாவட்டக் கடலோரத்திலுள்ள பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுள்ளதென மாநில முதலமைச்சர் அறிவித்தார். நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே சமயத்தில் பலர் நோயுற்றபோது, அவர்களைத் தரம் பிரித்தல் இன்றியமையாததாயிற்று. கேரள அரசின் சிகிச்சை நெறிமுறை, அறிகுறிகளைக் கொண்டு நோயாளிகளை ஏ, பி, சி என மூவகையாகப் பிரித்தது. இரத்தப் பரிசோதனை இதற்குத் துணை நின்றது.

மூன்று அடையாளங்கள்

இந்நோயில் கேடு விளைவிப்பது கிருமி மட்டுமன்று. வரம்பு மீறிச் செயற்படும் உடலின் எதிர்ப்பாற்றலும் கேடு செய்கிறது. இதன் சுவடுகள் இரத்தத்தில் தென்படும்.

முதலாவது, வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள். நோய் கடுமையாகுங்கால் இவற்றின் எண்ணிக்கை குறைகிறது.

இரண்டாவது, கல்லீரலில் உண்டாகும் சி-ரியாக்டிவ் புரதம். 1930-இல் கண்டறியப்பட்ட இது, அழற்சி மிகும்போது பெருகும். நலமுடையோரிடம் இது பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது, இரத்தக் கட்டிகள் கரைவதால் தோன்றும் டி-டைமர். சீனாவின் ஊகான் நகரில் 191 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் சேரும்போது இதன் அளவு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தோரிடையே இறப்பு அபாயம் மிகுந்திருந்தது.

எண்ணும் நோயாளியும்

எனினும், இவ்வெண்கள் தனித்துத் தீர்ப்புக் கூறா. பாக்டீரியாத் தொற்றிலும் சி-ரியாக்டிவ் புரதம் உயரும். முதுமையிலும் கர்ப்ப காலத்திலும் டி-டைமர் கூடும். மேலும், நோய் பெரும்பாலும் முதல் வாரத்தின் இறுதியை ஒட்டியே முற்றுகிறது. ஆதலின் முதல் நாளன்று கிடைத்த நல்ல முடிவு எட்டாம் நாளுக்கு உறுதியளிக்காது. ஒரு முறை எடுத்த அளவைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பயனுள்ள செய்தி. பிரிட்டனில் 2020-இல் வகுக்கப்பட்ட ‘4சி’ மதிப்பீட்டு முறையின் எட்டுக் கூறுகளுள் இரத்தப் பரிசோதனை சார்ந்தவை இரண்டே. வயது, மூச்சு வேகம், பிராணவாயுச் செறிவு போன்றவை எஞ்சியவை.

எண்ணை மட்டும் கண்டு மருந்தளித்தலும் தீங்காகும். டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிராணவாயு தேவைப்படாதோர்க்குப் பயன் தரவில்லை. இது 2020 ஜூனில் பிரிட்டிஷ் ஆய்வொன்றால் தெரியவந்தது. 2021-இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்கு, கட்டுப்படாத நீரிழிவுடன் ஸ்டீராய்டின் முறையற்ற பயன்பாடும் காரணமாகக் கூறப்பட்டது.

ஆகவே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல்நுனிக் கருவியால் பிராணவாயுச் செறிவை அளத்தல் முதற்படி. அபாயமுள்ளோர்க்கு இரத்தப் பரிசோதனை அடுத்த படி. முடிவெடுக்க உதவும் பரிசோதனையைத் தக்க நாளில் செய்வதே, நோயாளிக்கும் பொதுப் பணத்துக்கும் நன்மை பயப்பதாகும்.