காத்திருக்கும் கார், மாறிவரும் பற்றரி

2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்த பிறகு, மின்சாரக் காருக்கு முற்பணம் கட்டிவிட்டுக் கப்பலை எதிர்பார்த்திருப்பவர்கள் நம்முடைய புத்தளக் கரையிலும் உண்டு. காத்திருக்கும் காலத்தில்தான் கதைகள் பெருகும். அவற்றில் சில முழுப் பொய். சில, ஒருகாலத்தில் உண்மையாக இருந்து இன்றைய வண்டிக்குப் பொருந்தாமல் போனவை. இரண்டுமே, கவனிக்கவேண்டிய இடத்திலிருந்து நம் கண்ணைத் திருப்பிவிடுகின்றன.

"மின்சாரக் காரில் கொழும்புக்குப் போனால் நடுவழியில் நின்றுவிடும்."

இது லீஃப் காலத்துப் பயம். 2014, 2015இல் வரி குறைவாக இருந்தபோது, ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் இலங்கைக்கு ஏராளமாக வந்தன. பெரும்பாலானவற்றின் பற்றரி 24 கிலோவாற் மணி, அதாவது மின்சாரப் பட்டியல் கணக்கில் 24 அலகு. ஜப்பானியச் சோதனை அதற்கு 200 கிலோமீற்றரும் அதற்கு மேலும் கொடுத்தது. அமெரிக்கச் சோதனை, மாதிரி ஆண்டுக்கு ஏற்ப, 117 முதல் 135 வரைதான் என்றது. புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். புது வண்டிக்கே எட்டியும் எட்டாத தூரம். பழைய வண்டிக்குச் சிலாபம் தாண்டினாலே நெஞ்சு படபடக்கும். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

இன்று வரும் பிவைடி அற்றோ 3இன் பெரிய பற்றரி 60.48 அலகு. ஐரோப்பியச் சோதனையின்படி 420 கிலோமீற்றர். அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீற்றர் அளவில்தான் என்பதால், 420ஐ அப்படியே நம்பவேண்டாம். 100 கிலோமீற்றருக்கு 16, 17 அலகு என்று வைத்துக்கொண்டால் 350க்கு மேல் வரும். கற்பிட்டியிலிருந்து கொழும்பு 165 கிலோமீற்றர் அளவில். போய்ச்சேரும்போது பற்றரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்.

"ஏசி போட்டால் பாதித் தூரம் குறைந்துவிடும்."

குறையாது. உள்ளே குளிர்ந்த பிறகு ஏசி மணிக்கு ஓர் அலகு, ஒன்றரை அலகு எடுக்கும். நான்கு மணிநேரப் பயணத்துக்கு ஆறு அலகு என்றாலும் அந்த 60 அலகுப் பற்றரியில் பத்தில் ஒரு பங்குதான். ஐரோப்பியர்கள் பனிக்காலத்தில் எடுத்த காணொளிகளைப் பார்த்து "மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதே" என்று கலங்கவும் வேண்டாம். அது குளிரின் வேலை.

நம் பக்கத்தில் கணக்கில் எடுக்கவேண்டியது காற்று. மே முதல் செப்ரெம்பர் வரை கற்பிட்டிக்குப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வெளிநாட்டார் வருவது எதற்காகவோ, அந்தத் தென்மேற்குக் காற்றுத்தான் தெற்கே போகும் வண்டியை முன்னாலிருந்து எதிர்த்துத் தள்ளுகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் 70இல் ஓட, எதிர்க்காற்று 30இல் அடித்தால், வண்டி 100இல் ஓடும்போது உள்ள தடை. ஏறக்குறைய இரு மடங்கு. ரயர் உராய்வு மாறாததால் மொத்தச் செலவு இரட்டிக்காது. ஆனாலும் திரையில் எண் வேகமாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்த மாதங்களில் ஐந்தில் ஒரு பங்கைக் கைவசம் வைத்துக்கொண்டு, பத்துக் கிலோமீற்றர் வேகத்தைக் குறைத்து ஓடினால் போதும்.

"ஐந்து வருடத்தில் பற்றரி செத்துவிடும்."

முதல் லீஃப்பின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. 2012இலேயே அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் அவை வேகமாகத் தேய்வதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2015 மாதிரியில் வெப்பம் தாங்கும் கலங்களை நிசான் புகுத்தியது. இன்றைய பெரும்பாலான வண்டிகளின் பற்றரிகள் குளிரூட்டப்படுகின்றன. பல ஆயிரம் வண்டிகளின் தரவுகளை ஆராய்ந்த ஜியோடேப் நிறுவனம், சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 2.3 சதவீதம் என்று 2019இலும், 1.8 என்று 2024இலும் கண்டது.

பழைய லீஃப் வாங்குபவர் "பன்னிரண்டு கோடும் இருக்கிறது" என்ற பேச்சில் மயங்கக்கூடாது. திரையில் பற்றரியின் நலத்தைக் காட்டும் அந்தக் கோடுகளில் முதலாவது மறைவதற்கே 15 சதவீதம் அளவு தேயவேண்டும். கோடுகளைச் செயற்கையாக மீட்டமைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். 'லீஃப் ஸ்பை' செயலியை இணைத்து உண்மை எண்ணைப் பாருங்கள்.

"உப்புக் காற்று பற்றரியைத் தின்றுவிடும்."

பற்றரிப் பெட்டி இறுக்கமாக மூடப்பட்டது. உப்பு எளிதில் உள்ளே போகாது. துரு பிடிப்பது மற்றக் கார்களைப் போலவே அடித்தட்டிலும் திருகாணியிலும்தான். ஆனால் உப்பு நீர் வேறு. 2022 செப்ரெம்பரில் இயன் சூறாவளி புளோரிடாவில் கடல்நீரைக் கொண்டுவந்தபோது, மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நாட்கள் கழித்துத் தீப்பற்றின. களப்போரம் இருப்பவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். கடல்நீரோ களப்புநீரோ ஏறிய வண்டியைச் சார்ஜில் போடாதீர்கள். வீட்டிலிருந்து 15 மீற்றராவது தள்ளி, திறந்த வெளியில் நிறுத்தி, விற்றவர்களை அழையுங்கள்.

"காத்திருக்கும்போது பற்றரியை மாற்றினால் ஏமாற்றிவிட்டார்கள்."

எப்போதும் அப்படியல்ல. 2021 ஓகஸ்டில் டெஸ்லா, அமெரிக்காவில் மொடல் 3க்காகக் காத்திருந்தவர்களிடம், நிக்கல் பற்றரிக்குப் பதில் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி போட்ட வண்டி வேண்டுமா, சீக்கிரம் கிடைக்கும் என்று கேட்டது. தூரம் 421இலிருந்து 407 கிலோமீற்றராகக் குறைந்தது. பதிலுக்கு, தாராளமாக 100 சதவீதம் வரை ஏற்றலாம். நிக்கல் பற்றரியை அன்றாடம் அப்படி நிரப்புவது நல்லதல்ல. இரும்புப் பொஸ்பேற்று குளிரில்தான் சோரும். நம் வெயிலுக்கு அது நல்ல தேர்வு என்பதே என் முடிவு. வாரம் ஒருமுறையாவது முழுதாக ஏற்றுங்கள். இல்லாவிட்டால் திரையில் காட்டும் மிச்சக் கணக்கு பிசகும்.

அளவு மாறினால்தான் கேள்வி கேட்கவேண்டும். அதே அற்றோ 3 49.92 அலகுப் பற்றரியோடும் தயாரிக்கப்பட்டது. வெளியே ஒரே தோற்றம். வித்தியாசம் பத்தரை அலகு, சாலையில் 60 கிலோமீற்றருக்கு மேல்; கற்பிட்டியிலிருந்து பாலாவி வரையான வழியையும் விட அதிகம். வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டியென்றால், உற்பத்தியாளரின் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதும் தனிக் கேள்வி.

ஆகவே மீதிப் பணத்தைக் கட்டுமுன், பற்றரி எத்தனை கிலோவாற் மணி, எந்த இரசாயனம், எந்த ஆண்டுத் தயாரிப்பு, உத்தரவாதம் எத்தனை வருடம், தருவது யார் என்ற ஐந்தையும் விலைப்பட்டியலில் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.